பொல்லாத பெண்களும் புலம்பும் பாடகர்களும்: பழைய பாப், ராக் பாட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்விஸ், பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், ஈகிள்ஸ் என்று பழைய ஆங்கிலப் பாட்டுகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தால் ஒரு பெண் அடிக்கடி குறுக்கே வருவாள். ஏமாற்றுவாள், மயக்குவாள், பணத்தைக் கரைப்பாள், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாள். பாடுகிறவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவளைப் பற்றிச் சக ரசிகர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பாட்டு வரிகளை எடுத்துப் போடவில்லை, கதையை மட்டும் சொல்கிறேன்.

முதலில், யார் இந்தப் பெண்?

ஒருத்தி இல்லை, ஒரு பட்டாளமே இருக்கிறது. ஊரில் உள்ள ஆண்களையெல்லாம் ஏமாற்றித் திரிகிறவள் டியான் பாடிய 'ரன்அரவுண்ட் சூ' (1961). பணக்காரக் கிழவனைக் கட்டிக்கொண்டு, இரவானால் வேறொருவனைத் தேடிப் போகிறவள் ஈகிள்ஸின் 'லையிங் ஐஸ்' (1975). லாஸ் ஏஞ்சல்ஸில் டான் டானாஸ் என்ற உணவகத்துக்கு வயதான பணக்காரர்களோடு வந்துபோன அழகிகளைப் பார்த்துப் பார்த்து அந்தக் குழுவினர் எழுதிய பாட்டு அது. ஆளையே விழுங்குகிறவள் ஹால் அண்ட் ஓட்ஸின் 'மேன்ஈட்டர்' (1982). பிள்ளைக்கு அப்பன் நீதான் என்று வந்து நிற்கிறவள் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்'. இவர்களைத் தவிர சூனியக்காரிகள் ஒரு தனிக் கூட்டம், அவர்களுக்குக் கீழே தனிக் கேள்வி உண்டு.

இத்தனை பேர் இருந்தும் இவர்களைப் பற்றி நமக்குத் தெரிவது மிகக் குறைவு. சக் பெர்ரியின் 'மேபலீன்' (1955) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காதலி இன்னொருவனோடு காரில் போகிறாள், இவன் துரத்துகிறான். இவனுடையது வி-எய்ட் ஃபோர்டு, அவளிருப்பது காடிலாக் கூப் டிவில். இஞ்சின் சூடாவது, மழை வந்து அதைக் குளிர்விப்பது எல்லாம் பாட்டில் இருக்கிறது. அவள் எதற்காக இவனை விட்டுப் போனாள் என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. இதைக் கவனித்துவிட்டால் மற்றப் பாட்டுகளையும் கேட்கும் விதம் மாறிவிடும். பாடுகிறவன் தன்னைப் பற்றி, தன் கோபத்தைப் பற்றி, தன் காரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இதெல்லாம் ராக் அண்ட் ரோல் கண்டுபிடித்ததா?

இல்லவே இல்லை. பைபிளிலிருந்து நேராக வந்த சரக்கு நிறைய உண்டு. எல்விஸின் 'ஹார்ட் ஹெடட் வுமன்' (1958) இரண்டு நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. அதற்குள் ஏவாள், சிம்சோனின் தெலீலாள், ஆகாப் ராஜாவின் யேசபேல் மூன்று பேரையும் வரிசையில் நிறுத்தி, பிடிவாதக்காரப் பெண்களால்தான் உலகம் கெட்டது என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஃப்ராங்கி லெய்ன் 1951இலேயே 'ஜெசபெல்' என்று தலைப்பு வைத்துப் பாடியவர். டாம் ஜோன்ஸின் 'டிலைலா'வுக்குப் பெயர் கொடுத்தவள் நியாயாதிபதிகள் 16ஆம் அதிகாரத்துத் தெலீலாள். ஞாயிறு காலை பிரசங்கம் கேட்டு வளர்ந்த பையன்களுக்கு இந்தப் பெயர்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு ஊற்று அமெரிக்க நாட்டுப்புறக் கொலைப் பாட்டுகள், மூன்றாவது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு வகையான ப்ளூஸ். ப்ளூஸில் ஒரு விசேஷம் உண்டு. பெசி ஸ்மித், மா ரெய்னி போன்ற பெண்கள் 1920களிலேயே ஆண்களால் வரும் தொல்லையை விலாவாரியாகப் பாடி ரெக்கார்டு விற்றார்கள். புலம்பல் இரு பக்கமும் இருந்தது. பிற்பாடு அதே ப்ளூஸை எடுத்து ராக் ஆக்கிய வெள்ளைக்காரப் பையன்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சூனியக்காரிகள் ஏன் இத்தனை பேர்?

ப்ளூஸின் தாய்வீடான அமெரிக்கத் தெற்கில் 'ஹூடூ' என்ற மந்திர தந்திர வழக்கம் கறுப்பின மக்களிடையே இருந்தது. தாயத்து, வேர், வசிய மருந்து என்று நமக்குப் பழகிய சங்கதிகள்தான். ப்ளூஸ் பாட்டுகளில் அது இயல்பாக வரும். அந்த ரெக்கார்டுகளைக் கேட்டு வளர்ந்த லண்டன் இளைஞர் பீட்டர் கிரீன், தன் ஃப்ளீட்வுட் மேக் குழுவுக்காக 1968இல் 'பிளாக் மேஜிக் வுமன்' எழுதினார். அவருக்கு அப்போது 21 வயது. இங்கிலாந்தில் சுமாராகத்தான் ஓடியது. இரண்டு வருடம் கழித்து சாண்டானா அதையே லத்தீன் தாளத்தில் போட்டுப் பாடியபோது அமெரிக்க ஹிட் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. பலர் இன்றைக்கும் அதை சாண்டானாவின் சொந்தப் பாட்டு என்றே நினைக்கிறார்கள்.

1972இல் ஈகிள்ஸின் 'விட்சி வுமன்', 1975இல் ஈ.எல்.ஓ. (எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா) குழுவின் 'ஈவில் வுமன்', 1976இல் கிளிஃப் ரிச்சர்டின் 'டெவில் வுமன்' என்று எழுபதுகளில் வரிசை கட்டி நின்றார்கள். கடைசியாகச் சொன்னதில் எனக்குத் தனி ஈடுபாடு. கிளிஃப் ரிச்சர்ட் 1940இல் நம் லக்னோவில் பிறந்தவர். ஊரறிந்த பக்தியுள்ள கிறிஸ்தவர். அவர் போய்க் குறிசொல்லும் சூனியக்காரியைப் பற்றிப் பாடுகிறார். கெட்ட சகுனத்துக்குப் பரிகாரம் தேடி ஒருத்தியிடம் போனால், அதை ஏவிவிட்டவளே அவள்தான் என்று கதை முடியும். அமெரிக்காவில் 6ஆம் இடம் பிடித்த பாட்டு. எழுதிய இருவரில் ஒருவர் கிறிஸ்டின் ஹோம்ஸ் என்ற பெண்.

எல்விஸின் 'ஹவுண்ட் டாக்' ஒரு பெண்ணைத் திட்டும் பாட்டுதானே?

அப்படிப் பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். முதலில் அது ஒரு பெண் ஓர் ஆணைத் திட்டிய பாட்டு.

1952 ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் அதைப் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன். ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இரண்டு 19 வயதுப் பையன்கள் அவருக்காகவே எழுதிக் கொடுத்தது. உழைக்காமல் தின்றுவிட்டு வாசலில் வந்து வாலாட்டுகிற ஆணை, போடா வெளியே என்று விரட்டுகிறாள் அந்தப் பெண். குரலைக் கேட்டால் தெருமுனை வரை ஓடத் தோன்றும். 1953இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது.

உடனே மெம்ஃபிஸிலிருந்து பதில் வந்தது. ரூஃபஸ் தாமஸ் அதே மெட்டில், நான் நாய் என்றால் நீ சீறுகிற பூனை என்கிற தோரணையில் 'பேர் கேட்' பாடினார். பிறகு எல்விஸைக் கண்டெடுத்த சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்கு முதல் ஹிட் இதுதான். ஆனால் மெட்டைத் திருடியதாக வழக்கு வந்து, நிறுவனத்தின் சாம் ஃபிலிப்ஸ் தோற்றுப் பணம் கட்டினார்.

எல்விஸுக்கு இந்தப் பாட்டு தார்ன்டன் வழியாக நேராக வரவில்லை. 1956இல் லாஸ் வேகாஸ் மேடையில் ஃப்ரெடி பெல் என்பவரின் குழு வரிகளை மாற்றி வேடிக்கையாகப் பாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து எடுத்துக்கொண்டார். புது வரிகளில் முயல் வந்துவிட்டது, சோம்பேறிக் காதலன் காணாமல் போய்விட்டான். எல்விஸ் யாரைத் திட்டுகிறார் என்றே தெரியாது, உண்மையிலேயே வீட்டு நாயைத் திட்டுவது போல இருக்கும். எழுதிய லீபருக்கே அந்த மாற்றம் பிடிக்கவில்லை. பாட்டு எத்தனையோ லட்சம் விற்றது. தனக்கு மொத்தமாகக் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் காசோலை என்று தார்ன்டன் சொல்லி வந்தார்.

பாட்டில் பழி சுமந்த பெண்கள் பதிலே சொல்லவில்லையா?

சொன்னார்கள். இதற்கென்று ஓர் அருமையான வழக்கமே இருந்தது. ஒருவரின் பாட்டுக்கு இன்னொருவர் எதிர்ப்பாட்டு பாடுவது.

1952இல் ஹேங்க் தாம்சன் 'த வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' பாடினார். மனைவி குடும்பத்தை விட்டு மதுக்கடை வெளிச்சத்துக்குப் போய்விட்டாள், இப்படிப்பட்ட பெண்களைப் படைத்தது கடவுள் என்பது தனக்குத் தெரியாமல் போயிற்று என்று ஓர் ஆணின் அங்கலாய்ப்பு. அமெரிக்கக் கிராமிய இசையான கண்ட்ரி வகைக்கான பட்டியலில் 15 வாரம் முதலிடம். அதே வருடம் மே மாதம், நாஷ்வில்லில் கிட்டி வெல்ஸ் பதில் பாடினார். தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது: 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்', அதாவது மதுக்கடைத் தேவதைகளைப் படைத்தது கடவுள் இல்லை. கடவுளை ஏன் இழுக்கிறாய், கல்யாணமான பிறகும் கல்யாணமாகாதவன் போலத் திரிகிற ஆண்கள்தானே பல பெண்களைக் கெடுத்தது என்று கேட்கிறார். மெட்டும் ஏறக்குறைய அதே மெட்டு. இரண்டுக்கும் மூலம் அதற்கு முந்தைய பழைய பாட்டு ஒன்று.

வெல்ஸுக்கு அப்போது 32 வயது. பாடுவதை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாம் என்ற யோசனையில் இருந்தவர், பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலருக்காகத்தான் ஒப்புக்கொண்டார். குரலில் ஆத்திரமே இருக்காது. கணக்கு வழக்கைப் படித்துக் காட்டுவது போல நிதானமாகப் பாடுவார். என்.பி.சி. வானொலி அதை ஒலிபரப்ப மறுத்தது, நாஷ்வில்லின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையும் முதலில் தடை போட்டது. தாம்சன் பாட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதையும் மீறி ஆறு வாரம் முதலிடம். பில்போர்டு பத்திரிகையின் கண்ட்ரி பட்டியலில் தனிப் பாடகியாக முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான்.

பாட்டுக்குக் காரணமான நிஜப் பெண் யாராவது எதிர்த்திருக்கிறார்களா?

ஒருவர் கோர்ட்டுக்கே போனார். செயின்ட் லூயிஸ் நகரில் 1899 அக்டோபரில் ஃப்ராங்கி பேக்கர் என்ற கறுப்பின இளம்பெண் தன்னோடு இருந்த ஆலன் பிரிட் என்பவரைச் சுட்டார், அவர் இறந்துபோனார். கத்தியோடு பாய்ந்தார், உயிருக்குப் பயந்து சுட்டேன் என்றார் ஃப்ராங்கி. நீதிமன்றம் விடுதலை செய்தது.

வழக்கு முடிந்தது, பாட்டு முடியவில்லை. 'ஃப்ராங்கி அண்ட் ஜானி' என்று அது நாடு முழுக்கப் பரவியது. பாட்டில் வரும் ஃப்ராங்கி, துரோகம் செய்த காதலனைத் தேடிப்போய்ச் சுட்டுத் தள்ளும் பொறாமைக்காரி. ஜானி கேஷ், சாம் குக், எல்விஸ் எல்லோரும் பாடியிருக்கிறார்கள். ஃப்ராங்கி பேக்கரோ போகிற இடமெல்லாம் இந்தப் பாட்டு துரத்துகிறதே என்று ஊரை விட்டு ஆரெகன் மாநிலத்துக்கே குடிபோனார். 1936இல் ஹாலிவுட் இதைப் படமாகவும் எடுத்தபோது, என் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். தோற்றார். 1952இல் ஆரெகனிலேயே இறந்தார். கிட்டி வெல்ஸ் பதில் பாடிய அதே வருடம் அது.

'ரன்அரவுண்ட் சூ' பாடியவரேதான் 'த வாண்டரர்' பாடினாரா?

ஆமாம், அதே டியான். சில மாத இடைவெளியில். முதல் பாட்டில் சூ என்ற பெண் பல ஆண்களோடு சுற்றுகிறாள், அவளிடமிருந்து தள்ளியிருங்கள் என்று ஊருக்கு எச்சரிக்கை. 1961இல் முதலிடம். இரண்டாவதில் பாடுகிறவனே ஊர் ஊராகப் பல பெண்களோடு சுற்றுகிறான், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அது 2ஆம் இடம் வரை வந்தது. இரண்டையும் எழுதியதில் எர்னி மரெஸ்காவுக்குப் பங்கு உண்டு. ஒருவருக்கும் முரணாகத் தோன்றவில்லை போலிருக்கிறது! பிற்காலத்தில் டியான், 'த வாண்டரர்' உண்மையில் சோகப் பாட்டு, அவனுக்குப் போக்கிடமே இல்லை என்றார். கேட்டுப் பாருங்கள், அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் சூவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

பாட்டில் 'அவள்' என்று வந்தால் நிஜமாகவே பெண்தானா?

எப்போதும் இல்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

பீட்டில்ஸின் 'செக்ஸி ஸேடி' (1968) எல்லோரையும் முட்டாளாக்கிய ஒரு பெண்ணைப் பற்றியது போல இருக்கும். அந்த ஸேடி மகரிஷி மகேஷ் யோகி. ரிஷிகேஷ் ஆசிரமத்தில் தியானம் கற்கப் போன ஜான் லெனான் மனம் கசந்து கிளம்பும்போது எழுதினார். மகரிஷியின் பெயரையே போட்டுத்தான் தொடங்கினார். ஜார்ஜ் ஹாரிசன் வேண்டாம் என்று சொன்னதால் பெயர் மாறியது, கூடவே ஆள் பெண்ணாகவும் மாறிவிட்டார்.

ஹால் அண்ட் ஓட்ஸின் 'ரிச் கேர்ள்' 1977இல் முதலிடம் பிடித்தது. அப்பன் காசில் ஆட்டம் போடும் திமிர் பிடித்த பணக்காரப் பெண். டேரில் ஹால் மனதில் வைத்து எழுதியது ஓர் ஆணை. தன் காதலியின் பழைய சிநேகிதன், துரித உணவுத் தொழிலில் சம்பாதித்த குடும்பத்து வாரிசு. பாட்டாக எடுபடுவதற்குப் பெண் என்றால் சரியாக இருக்கும் என்று மாற்றிவிட்டார். அதே குழுவின் 'மேன்ஈட்டர்' பற்றி ஜான் ஓட்ஸ், அது ஒரு பெண்ணைப் பற்றியது இல்லை, எண்பதுகளின் நியூயார்க் நகரத்தையும் அதன் பேராசையையும் பற்றியது என்று சொல்லியிருக்கிறார். கனடாவின் கெஸ் ஹூ குழு 'அமெரிக்கன் வுமன்' பாடி 1970இல் அமெரிக்காவிலேயே மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. வியட்நாம் போர்க் காலம். கேட்டவர்கள் அந்தப் பெண்ணை அமெரிக்க அரசாகவே எடுத்துக்கொண்டார்கள். அதே வருடம் அந்தக் குழு வெள்ளை மாளிகையில் பாடப் போனபோது, தயவுசெய்து அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

சாமியார், பணக்காரப் பையன், ஒரு நகரம், ஒரு தேசம். யார் மேல் கோபம் வந்தாலும் அதற்கு ஒரு புடவையைச் சுற்றிவிட்டால் பாட்டு தயார். கேட்கிறவர்களும் சந்தேகப்படுவதில்லை.

'டிலைலா' போன்ற பாட்டுகளில் கொலை வேறு வருகிறதே?

வருகிறது. பூசி மெழுகாமல் பேச வேண்டிய இடம் இது.

பீட்டில்ஸின் 'ரன் ஃபார் யுவர் லைஃப்' (1965) இன்னொருவனோடு பார்த்தால் கொன்றுவிடுவேன் என்று காதலியை மிரட்டும் பாட்டு. துள்ளலான மெட்டு. அதன் முக்கிய வரியே எல்விஸ் பாடிய பழைய பாட்டொன்றிலிருந்து லெனான் எடுத்தது. பின்னாளில் இதை எழுதியதற்காக வருத்தப்பட்டதாக அவரே சொன்னார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் முதல் சிங்கிள் 'ஹே ஜோ' (1966), துப்பாக்கியோடு போகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்க, ஏமாற்றிய மனைவியைச் சுடப் போகிறேன் என்கிறான். சுட்டுவிட்டு மெக்சிகோவுக்கு ஓடுகிறான். கிட்டாரில் சொக்கிப்போய் இந்தக் கதையைக் கவனிக்காமலே வருடக்கணக்காகக் கேட்டவர்கள் ஏராளம்.

'டிலைலா' (1968) இவற்றில் பெரிது. லெஸ் ரீட், பாரி மேசன் எழுதி டாம் ஜோன்ஸ் பாடியது, இங்கிலாந்தில் 2ஆம் இடம். ஜன்னல் திரையில் காதலியின் நிழலோடு இன்னொரு நிழலைப் பார்க்கிறான். விடியும்வரை காத்திருந்து, மற்றவன் போன பிறகு கதவைத் தட்டுகிறான். அவள் சிரிக்கிறாள். இவன் கையில் கத்தி. பாட்டு முழுக்க அவள் செய்வது அந்த ஒரு சிரிப்புதான், ஒரு வார்த்தை பேச விடவில்லை. கொன்ற பிறகும் இவன் அவளிடமே மன்னிப்புக் கேட்டு அழுகிறான். கோரஸில் மைதானம் முழுக்கச் சேர்ந்து பாட வசதியான மெட்டு என்பதால் ஸ்டோக் சிட்டி கால்பந்து ரசிகர்களும் வேல்ஸ் ரக்பி ரசிகர்களும் அதைத் தங்கள் கீதமாகவே வைத்துக்கொண்டார்கள்.

2023இல் வேல்ஸ் ரக்பி யூனியன், கார்டிஃப் மைதானத்தில் பாடும் பாடகர் குழுக்கள் இனி இதைப் பாட வேண்டாம் என்று சொன்னது. பெரிய ரகளை ஆயிற்று. என் கட்சி யூனியன் பக்கம்தான். ரெக்கார்டை யாரும் எரிக்கவில்லை, ரசிகர் வாயைக் கட்டவில்லை. மனைவியை அடித்தால் தண்டனை என்று சட்டம் இருக்கிற நாட்டில், அதிகாரபூர்வமான பாடகர் குழு கொலைப் பாட்டைத் தவிர்ப்பது அவ்வளவு பெரிய இழப்பு இல்லை. டாம் ஜோன்ஸின் குரலுக்காக வீட்டில் நான் இன்னும் கேட்கிறேன்.

ரோலிங் ஸ்டோன்ஸ் மேல் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

அவர்கள் அதை ஒரு பாணியாகவே வைத்திருந்தார்கள். 'அண்டர் மை தம்ப்' (1966) முன்பு தன்னை ஆட்டிவைத்த பெண்ணை இப்போது அடக்கிவிட்டேன் என்று மார்தட்டுகிறது, செல்லப்பிராணியோடு ஒப்பிடுகிறது. அதே ஆல்பத்தில் 'ஸ்டுப்பிட் கேர்ள்' வேறு. குழுவின் பிரையன் ஜோன்ஸ் மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தில் வாசித்தது மட்டும் இல்லாவிட்டால் முதல் பாட்டை யாரும் இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. 1976இல் 'பிளாக் அண்ட் ப்ளூ' ஆல்பத்துக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் சன்செட் சாலையில் ஒரு விளம்பரப் பலகை வைத்தார்கள். கட்டிப்போடப்பட்ட, உடம்பெல்லாம் கன்றிப்போன ஒரு பெண், இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்வது போல. பெண்கள் அமைப்பினர் திரண்டு எதிர்த்ததும் நிறுவனம் பலகையை இறக்கியது.

'அண்டர் மை தம்ப்' பாட்டுக்குச் சரியான பதில் டினா டர்னரிடமிருந்து வந்தது. 1975இல் 'ஆசிட் குவீன்' ஆல்பத்தில் அதே பாட்டைப் பெண்ணாக நின்று பாடினார். இப்போது கட்டைவிரலுக்குக் கீழே ஆண்.

பெண்கள் துணிச்சலாகப் பாடிய பாட்டுகளைப் பெண்களே எழுதினார்களா?

இங்கேதான் நம் கணக்கு கொஞ்சம் இடிக்கும். மைக் ஒருவர் கையில், பேனா இன்னொருவர் கையில். கிட்டி வெல்ஸின் எதிர்ப்பாட்டை எழுதியது ஜே.டி. மில்லர் என்ற ஆண். 17 வயது லெஸ்லி கோர் பாடிய 'யூ டோன்ட் ஓன் மீ' (1963) இரண்டு ஆண்கள் எழுதியது. நான்சி சினாட்ராவின் 'தீஸ் பூட்ஸ் ஆர் மேட் ஃபார் வாக்கின்' (1966) லீ ஹேசல்வுட் தனக்காக எழுதி வைத்திருந்தது. ஆண் பாடினால் கொடுமையாக இருக்கும், ஒரு பெண் பாடினால்தான் சரி என்று நான்சி கேட்டு வாங்கினார். அவர் சொன்னது சரிதான். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலிடம்.

'ரெஸ்பெக்ட்' கதை இன்னும் அழகு. 1965இல் ஓடிஸ் ரெடிங் எழுதிப் பாடியபோது, சம்பாதித்துக் கொண்டுவந்து கொட்டுகிறேன், வீட்டுக்கு வந்தால் மரியாதை கொடு என்று மனைவியிடம் கேட்கும் ஆணின் பாட்டு. 1967இல் அரீத்தா ஃபிராங்க்லின் அதை எடுத்துப் பெண்ணின் வாயில் போட்டார். அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி உரக்கச் சொல்லும் பகுதி அவர் சேர்த்தது. இன்று பாட்டு யாருடையது என்று கேட்டால் எல்லோரும் அரீத்தா என்பார்கள். ஆனால் அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பானால் பாட்டை எழுதியவருக்குத்தான் பணம், பாடியவருக்குக் கிடையாது. அந்த வகையில் மரியாதை அவருக்கு, ராயல்டி ரெடிங் குடும்பத்துக்கு.

பெண்கள் இன்னொரு பெண்ணைப் பற்றிப் புலம்பியதில்லையா?

டாலி பார்ட்டனின் 'ஜோலீன்' (1973) இருக்கிறதே! கணவனிடம் குழைந்து பேசிய ஒரு செந்நிறத் தலைமுடி வங்கி ஊழியையை நினைத்து எழுதியதாக டாலி சொல்லியிருக்கிறார். பெயர் மட்டும் கையெழுத்து வாங்க வந்த ஒரு குட்டி ரசிகையிடமிருந்து எடுத்தது. ஆண்கள் இந்த இடத்தில் வழக்கமாகத் திட்டுவார்கள் அல்லது மிரட்டுவார்கள். டாலி கெஞ்சுகிறார். கெஞ்சிக்கொண்டே எதிராளியின் கண்ணையும் நிறத்தையும் குரலையும் வர்ணிக்கிறார். இந்தப் பக்கத்தில் உள்ள பொல்லாத பெண்களில் எனக்கு முகம் தெரிவது ஜோலீன் ஒருத்திக்குத்தான்.

கெஞ்சாத ரகமும் உண்டு. லொரெட்டா லின்னின் 'ஃபிஸ்ட் சிட்டி' (1968), என் புருஷனைச் சுற்றினால் முடியைப் பிடித்து இழுத்து அறைவேன் என்று நேராகவே சொல்லும். குழாயடிச் சண்டை, ஆனால் கண்ட்ரி பட்டியலில் முதலிடம்.

கிம் கார்ன்ஸின் 'பெட்டி டேவிஸ் ஐஸ்' (1981) இரண்டு பெண்கள் எழுதியது, ஆண்களைச் சுண்டுவிரலில் ஆட்டுபவளை ரசித்துப் பாடுவது. ஒன்பது வாரம் முதலிடம். நடிகை பெட்டி டேவிஸ் 70 வயதைத் தாண்டியிருந்தார், தன்னை நவீன காலத்துக்குக் கொண்டுவந்ததற்காக அவர்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார்.

பில்லி ஜீன் உண்மையில் யார்?

அப்படி ஒருவர் இல்லை. அண்ணன்மார்களைச் சுற்றிவந்து தொல்லை கொடுத்த பல ரசிகைகளின் கலவை என்று மைக்கேல் ஜாக்சன் தன் சுயசரிதையில் எழுதினார்.

பொல்லாதவளின் பக்கம் நின்ற ஆண்கள் யாருமே இல்லையா?

உண்டு. பில்லி ஜோயலின் 'ஷீஸ் ஆல்வேஸ் எ வுமன்' (1977). அப்போது அவருடைய மனைவி எலிசபெத் வெபர்தான் அவருக்கு மேனேஜரும். பேரம் பேசுவதில் கறார். இப்படியும் ஒரு பெண்ணா என்று தொழிலில் இருந்தவர்கள் முணுமுணுத்ததற்கு அந்தப் பாட்டு பதில். கேட் ஸ்டீவன்ஸ் 1970இல் 'ஹார்ட் ஹெடட் வுமன்' என்று எல்விஸ் வைத்த அதே தலைப்பில் வேறொரு பாட்டு எழுதினார். அதில் அவர் அப்படியொரு பிடிவாதக்காரியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஒரே குழுவில் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் திட்டிப் பாடியது நிஜமா?

ஃப்ளீட்வுட் மேக். இந்த விஷயத்தில் இதற்கு மேல் ஒரு கதை இல்லை.

பீட்டர் கிரீன் காலத்து ப்ளூஸ் குழு இல்லை இது. எழுபதுகளின் நடுவில் லிண்ட்ஸி பக்கிங்காம், ஸ்டீவி நிக்ஸ் என்ற அமெரிக்கக் காதலர்கள் வந்து சேர்ந்த பிறகு உள்ள குழு. 1976இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் 'ரூமர்ஸ்' ஆல்பம் பதிவு செய்தபோது இருவரும் பிரிந்துகொண்டிருந்தார்கள். லிண்ட்ஸி 'கோ யுவர் ஓன் வே' எழுதினார். விட்டுப் போகிற காதலி மேல் குற்றச்சாட்டு. அதில் அவள் கண்டவனோடு போக நினைக்கிறாள் என்ற பொருளில் வரும் ஒரு வரி பொய், எடுத்துவிடு என்று ஸ்டீவி கேட்டார். லிண்ட்ஸி எடுக்கவில்லை. அந்தப் பாட்டில் பின்குரல் பாடுவது ஸ்டீவிதான். தன்னைப் பற்றிய குற்றப்பத்திரிகைக்குத் தானே சுருதி சேர்த்து, கச்சேரிக்குக் கச்சேரி.

ஸ்டீவியின் பதில் 'ட்ரீம்ஸ்'. பக்கத்து அறையில் உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் எழுதியதாகச் சொல்வார். போய் வா, தனிமை உனக்கு உறைக்கும்போது தெரியும் என்கிற தொனி, ஆனால் சத்தம் போடாமல். லிண்ட்ஸியின் பாட்டு அமெரிக்காவில் 10ஆம் இடம் வந்தது. 'ட்ரீம்ஸ்' 1977 ஜூனில் முதலிடம். அந்தக் குழுவுக்கு அமெரிக்காவில் கிடைத்த ஒரே முதலிடம் அதுதான்.

கதை இங்கே முடியவில்லை. ஸ்டீவி இன்னொன்றும் எழுதியிருந்தார், 'சில்வர் ஸ்ப்ரிங்ஸ்'. நீ எங்கே போனாலும் என் குரல் உன்னை விடாது என்று சபிக்கிற பாட்டு. நீளம் அதிகம் என்று ஆல்பத்திலிருந்து நீக்கினார்கள். ஸ்டீவிக்குத் தாங்கவே இல்லை. கடைசியில் அதை எங்கே போட்டார்கள் தெரியுமா? 'கோ யுவர் ஓன் வே' இசைத்தட்டின் பி-சைடில். ஒரு பக்கம் அவன் அவளைத் திட்டுகிறான், தட்டைத் திருப்பினால் அவள் சாபம் விடுகிறாள். இருபது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் கிடந்தது. 1997இல் குழு மீண்டும் சேர்ந்து 'த டான்ஸ்' கச்சேரியைப் பதிவு செய்தபோது, பாட்டின் கடைசிப் பகுதியில் ஸ்டீவி லிண்ட்ஸியின் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்த்தே பாடினார். லிண்ட்ஸியும் பார்வையை விலக்காமல் கிட்டார் வாசித்தபடி கூடவே பாடினார்.

தமிழ்ப் பாட்டில் இதெல்லாம் இல்லையா?

மூட்டை மூட்டையாக இருக்கிறது. அது தனிப் பஞ்சாயத்து, இந்தப் பக்கம் தாங்காது.

புதிதாகக் கேட்கிறவர் எங்கே தொடங்கலாம்?

தனித்தனியாகக் கேட்காதீர்கள், ஜோடியாகக் கேளுங்கள். முதலில் தார்ன்டனின் 'ஹவுண்ட் டாக்', உடனே எல்விஸுடையது. ஹேங்க் தாம்சனைக் கேட்ட கையோடு கிட்டி வெல்ஸ். டியானின் இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்து. ஓடிஸ் ரெடிங்கின் 'ரெஸ்பெக்ட்' பலர் கேட்டதே இல்லை, அதைக் கேட்டுவிட்டு அரீத்தாவுக்கு வாருங்கள். ஃப்ளீட்வுட் மேக்கை மட்டும் காதால் கேட்டால் போதாது. 'சில்வர் ஸ்ப்ரிங்ஸ்' பாட்டின் 1997 மேடை வடிவத்தை வீடியோவாகவே பாருங்கள், முதல் மூன்று நிமிடம் மெதுவாகப் போகிறதே என்று பாதியில் தள்ளிவிடாதீர்கள்.